விபத்துக்கு நேரம் குறித்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்த கடை. அவர் ஃபிரேம் விற்றார். நான் ஆப்டோமெட்ரி படித்துவிட்டு வந்து கண்ணையும் சோதிக்கிறேன். பஸ் நிலையம் கிட்டேயே இருப்பதால் வேன், டூரிஸ்ட் கார், ஷேர் ஆட்டோ, தனியார் பஸ் என்று ஸ்டியரிங் பிடிக்கிறவர்கள்தான் கடைக்கு அதிகம் வருவார்கள்.

உங்கள் நாளிதழில் மாதம் ஒருமுறையாவது ஒரு செய்தி வருகிறது. அதிகாலை நேரம். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ துக்கத்துக்கோ போன வண்டி. டிரைவரின் கட்டுப்பாட்டை இழந்து நின்றிருந்த லாரியிலோ தடுப்புச் சுவரிலோ மோதியது. தூக்கக் கலக்கம் காரணமாக இருக்கலாம் என்று போலீசார் விசாரிக்கிறார்கள். படிக்கிற நாமும் டிரைவரை இரண்டு வார்த்தை திட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோம். எனக்கு மட்டும் ஒரு கேள்வி நிற்கும். அந்த வண்டியை அந்த நேரத்தில் கிளம்பச் சொன்னது யார்? பெரும்பாலும் டிரைவராக இருக்காது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த கண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

வேன் டிரைவர் ஒருவர் வந்தார். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். “அக்கா, கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்ல. எதிர்ல வர்றவனுங்க லைட்டுதான் சரியில்ல” என்றார். அப்போது பகல் பதினொரு மணி. சார்ட்டில் அடி வரிகள் இரண்டைத் தவிர எல்லாவற்றையும் கடகடவென்று படித்தார். அந்த இரண்டும் வராததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “ஏழு மணிக்கு மேல ஒரு தடவ வாங்க” என்று சொல்லி அனுப்பினேன். வந்தார். கடை வாசலில் நிற்க வைத்து எதிர்ப்பக்கத்து மருந்துக்கடைப் பலகையைப் படிக்கச் சொன்னேன். கடைப் பெயர் வந்தது, அதன் கீழே சின்னதாக இருந்த வரி வரவில்லை. லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிற ட்ரையல் ஃபிரேமை மாட்டி மைனஸ் அரை பவர் போட்டேன், அப்புறம் முக்கால். முக்காலில் “அட” என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு பைக் ஹை பீமோடு தெருவில் திரும்பியது. பைக் போனபிறகும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “இருங்க, இருங்க, இன்னும் தெரியல” என்றார். எனக்கு அதற்குள் பலகை முழுசாகத் தெரிந்துவிட்டது.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இருட்டில் கண்ணின் பாப்பா விரியும். பகலில் சின்னப் பாப்பா மூடி மறைக்கிற அரை, முக்கால் பவர் குறை ராத்திரியில் வெளியே வந்துவிடும். போதாததற்கு வெளிச்சம் குறைந்தால் நிறையப் பேருக்குக் கிட்டப்பார்வை கொஞ்சம் கூடுகிறது. வயதும் இருக்கிறது. அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேருகிற வெளிச்சம் இருபது வயதுக்காரருக்குப் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஒரு முறை கண் கூசினால் தெளிவதற்கும் அவருக்கு அதிக நேரம் பிடிக்கும். கண்புரை ஆரம்பித்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். உள்ளே இருக்கிற லென்ஸ் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கியிருக்கும். எதிர்வண்டி விளக்கு அதில் பட்டு கண் முழுக்கச் சிதறும். பகலில் இதே ஆள் பேப்பர் படிப்பார், பணம் எண்ணுவார், கண் நல்லாத்தான் இருக்கிறது என்று சத்தியமும் செய்வார். கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் இன்னும் மோசம். பக்கவாட்டுப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே போகும், ஆளுக்கு வலியும் தெரியாது, குறையும் தெரியாது. ரெட்டிச்சாவடிக்கும் கிருமாம்பாக்கத்துக்கும் நடுவே இடதுபக்கத்திலிருந்து விளக்கில்லாமல் ரோட்டில் ஏறுகிற சைக்கிளைப் பார்க்க வேண்டிய பார்வை அதுதான்.

இப்போது லைசென்ஸ் விஷயம். விண்ணப்பத்தோடு கொடுக்கிற உடல்தகுதிப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். 25 மீட்டர் தூரத்தில் ஒரு காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா என்று கேட்கிறது. எப்போது? நல்ல பகல் வெளிச்சத்தில். மாலைக்கண் உண்டா என்றும் கேட்கிறது, இல்லை என்று டிக் அடித்தால் முடிந்தது. மாலைக்கண் இல்லாமலேயே ராத்திரியில் பாதி தெரியாமல் ஓட்டுகிற என் வாடிக்கையாளரைப் பிடிக்க அந்தப் படிவத்தில் கேள்வி கிடையாது. நாற்பது வயதுக்கு மேல் டாக்டர் சான்றிதழ் வேண்டும். அது பல இடங்களில் எப்படிக் கிடைக்கிறது என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சொந்த வண்டி ஓட்டுகிறவர் முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் லைசென்ஸைப் புதுப்பித்தால் பத்து வருஷத்துக்குச் செல்லும். 49 வயதில் புதுப்பிக்கிறவரை 59 வரை யாரும் கண் எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டார்கள். வெள்ளெழுத்து, சர்க்கரை, கண்புரை எல்லாம் வந்து உட்காருவது அந்தப் பத்து வருஷத்தில்தான். சர்க்கரை இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்த்துக்கொள்வது நல்லது. நம் ரோட்டிலேயே தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டித்தான் கடலூர் – புதுச்சேரி வண்டி எல்லாம் தினமும் போகிறது. ஓட்டுகிறவர்களில் எத்தனை பேர் உள்ளே போயிருப்பார்கள் என்று அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இதற்கு நடுவில் மஞ்சள் கண்ணாடி வியாபாரம் வேறு. ‘நைட் டிரைவிங் கிளாஸ்’ என்று ஆன்லைனிலும் விற்கிறார்கள், ரோட்டோரத்திலும் விற்கிறார்கள். போட்டால் கூச்சம் குறைந்த மாதிரிதான் இருக்கும். 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிமுலேட்டரில் இந்தக் கண்ணாடியைப் போட்டு ஓட்டியவர்களுக்கு ரோட்டில் நடக்கிற ஆளைக் கண்டுபிடிப்பது கொஞ்சமும் சுலபமாகவில்லை. கண்ணுக்கு வருகிற வெளிச்சத்தையே அது குறைக்கிறது, இருட்டில் அது எப்படி உதவும்? என் கடையில் அதை வைப்பதில்லை. அதற்குச் செலவழிக்கிற காசில் முன்கண்ணாடியை உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டும் சுத்தமாகத் துடைத்து, தேய்ந்த வைப்பர் ரப்பரை மாற்றினாலே போதும். கடலோரத்தில் ஓடுகிற வண்டிக்கு ராத்திரியில் கண்ணாடி மேல் உப்பும் தூசியுமாக ஒரு படலம் படிந்துவிடும். வெறும் துணியால் தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும். ஒவ்வொரு கீறலும் எதிர்வெளிச்சத்தில் ஒரு கோடு.

சரி, கண் சரியாக இருக்கிறது, கண்ணாடியும் துடைத்தாகிவிட்டது. தூக்கம்?

ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் புதுச்சேரியிலிருந்து வருகிற வண்டிகளை நிறுத்திப் பார்க்கிறார்கள், குடித்திருக்கிறார் என்று சந்தேகம் வந்தால் ஊதச் சொல்கிறார்கள். நல்லதுதான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். இப்போது இதைக் கேளுங்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருக்கிற ஒருவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குத் தடுமாறும் என்று 1997-லேயே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 100 மில்லிகிராம் அளவுக்குப் போகும். காலை ஆறு மணிக்கு ஸ்கூல் டிரிப்புக்கு எழுந்த டிரைவருக்கு ராத்திரி பதினொரு மணிக்கே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. நாம் அவரை எத்தனை மணிக்கு வரச் சொல்கிறோம்? “பத்தரைக்கு வீட்டுக்கு வந்துடுங்க, ராத்திரியோட ராத்திரியா போயிடலாம்.” அவர் ஊதினால் கருவியில் பூஜ்யம்தான் காட்டும்.

விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பே தூங்கச் சொல்லுகிற நேரம். முந்தின நாள் நன்றாகத் தூங்கியவருக்கும் அந்த நேரத்தில் ஒரு தொய்வு இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் சின்னதாக ஒன்று உண்டு. அப்போது வருவது நாம் நினைக்கிற தூக்கம் இல்லை. கண் திறந்தபடியே மூன்று நாலு வினாடி ஆள் இல்லாமல் போய்விடுவது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 22 மீட்டர்; மூன்று வினாடியில் 66 மீட்டர் தூரம் வண்டி தானாகப் போகிறது. டிரைவர்களைக் கேட்டால் “தூங்கலக்கா, லேசா ஒரு மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்” என்பார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரிவதில்லை. கடைசி ரெண்டு கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று ஞாபகமில்லை என்றால் அது நடந்துவிட்டது என்று அர்த்தம். சளிக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போடுகிற அவில் மாதிரி மாத்திரையும் இருமல் சிரப்பும் இதைக் கூட்டும். குறட்டை விடுகிற ஆள் நன்றாகத் தூங்குகிறான் என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறோம். சிலருக்கு ராத்திரி முழுக்க மூச்சு நின்று நின்று வந்து தூக்கம் உடைந்துகொண்டே இருக்கும், பகலில் ஸ்டியரிங்கில் தள்ளாடுவார்கள்.

பாட்டு சத்தமாக வைப்பது, ஏசியைக் கூட்டுவது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் சில நிமிஷத்துக்குத்தான். டீயும் குடித்த கையோடு வேலை செய்யாது, இருபது முப்பது நிமிஷம் ஆகும். அதனால் டீயைக் குடித்துவிட்டு உடனே வண்டியைப் பத்திரமான இடத்தில் ஓரங்கட்டி, சீட்டைச் சாய்த்து இருபது நிமிஷம் தூங்கி எழுந்தால் இரண்டும் சேர்ந்து உதவும். டிரைவருக்கு இது தெரியும். பின்சீட்டில் இருக்கிறவர்தான் “என்னப்பா, நின்னுட்ட?” என்று கேட்கிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வருகிற வரை இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி நாளைக்கு எட்டு மணி நேர வேலை, வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்று இருந்தது. ஆனால் அதுவும் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருந்த நிறுவனங்களுக்குத்தான். ஒற்றை வேன் வைத்து ஓட்டுகிறவருக்கும், கூப்பிட்டால் வருகிற ஆக்டிங் டிரைவருக்கும், சொந்தக் காரை ஓட்டுகிற நமக்கும் யார் மணி பார்ப்பது? முதுநகர் துறைமுகத்திலிருந்து விடிவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டிய மீன் லோடு ஓட்டுகிறவரிடம் ஓய்வு நேரத்தைப் பற்றிப் பேசிப் பாருங்கள், சிரிப்பார்.

மனசு விஷயத்துக்கு வருகிறேன். தனியார் பஸ்களின் டைமிங் சண்டையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். டைம் கீப்பரிடம் திட்டு வாங்கிக்கொண்டு ஸ்டாண்டை விட்டு வெளியே வருகிற பஸ் எப்படி வரும் என்று தெரியாதவர் கடலூரில் இல்லை. ஷேர் ஆட்டோக்காரர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஃபைனான்ஸிலிருந்து “டியூ என்னாச்சு” என்று போன் வரும். அதற்கப்புறம் பத்து நிமிஷம் அவர் பார்ப்பது ரோட்டை அல்ல. அமெரிக்காவில் 3,500-க்கும் மேற்பட்டவர்களின் கார்களில் கேமரா பொருத்தி 3 ஆண்டு கவனித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், கோபமோ அழுகையோ கொந்தளிப்போ முகத்தில் தெரிகிற நிலையில் ஓட்டுகிறவருக்கு விபத்து அபாயம் ஏறத்தாழ பத்து மடங்கு என்று வந்தது. போன் பார்ப்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் அழுதுகொண்டே ஓட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

நம் ஊரில் அப்படி ஓட்டுவது யார் என்று யோசித்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சாவுக்குப் போகிற பிள்ளை. ராத்திரி பத்தரைக்கு போன் வரும். மகன் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பான். வேலை முடிந்து அப்போதுதான் வந்திருப்பான், சாப்பிட்டிருக்க மாட்டான். உடனே சாவியை எடுத்துவிடுவான். ராத்திரி, தூக்கமின்மை, துக்கம் மூன்றும் ஒரே சீட்டில். அவன் ஓட்டிக்கொண்டிருக்கும்போது இங்கிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒருவர் போன் போடுவோம். “எங்கப்பா வந்துட்ட? திண்டிவனம் தாண்டிட்டியா? காலைல எட்டு மணிக்கு எடுக்கணும்னு சொல்றாங்க.”

போன வருஷம் எங்கள் பெரியப்பா தவறியபோது அவர் மகன் தாம்பரத்தில் இருந்தான். போனை வாங்கிய எங்கள் சித்தப்பா முதலில் சொன்னது இதைத்தான்: “நீ வர்ற வரைக்கும் எடுக்க மாட்டோம். மத்தியானம் ஆனாலும் சரி, சாயங்காலம் ஆனாலும் சரி. நீ வண்டிய தொடாத. பின்னாடி உக்காந்து அழுதுகிட்டு வா, ஓட்டறதுக்கு வேற ஆள பாரு.” சித்தப்பா அதிகம் படித்தவர் இல்லை, லாரியில் கிளீனராக இருந்து டிரைவர் ஆனவர். மகனின் நண்பர் ஒருவர் கொஞ்சம் தூங்கி எழுந்து, விடிந்த பிறகு காரை ஓட்டிக்கொண்டு வந்தார். அதற்குள் ஐஸ் பெட்டி வந்துவிட்டது. இப்போது எந்தச் சின்ன ஊரிலும் ஒரு போனில் ஐஸ் பெட்டி வருகிறது. இருந்தும் காலையிலேயே எடுக்க வேண்டும் என்று அவசரப்படுவது பழைய பழக்கம். சகுனம், நேரம் பார்க்கிற பெரியவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: ஒரு சாவு வீட்டில் இரண்டாவது பெட்டிக்கு இடம் பார்க்க வேண்டி வந்தால் எந்த நேரமும் நல்ல நேரம் இல்லை.

கல்யாணத்திலும் இதே கதைதான், அழுகைக்குப் பதில் மேளம். முகூர்த்த நாளில் திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயில் பக்கம் விடிவதற்கு முன்பே போய்ப் பாருங்கள். வரிசையாக வேன்கள். பட்டுப்புடவைகள் இறங்கிப் போன பிறகு உள்ளே டிரைவர் ஸ்டியரிங் மேல் காலை நீட்டிக்கொண்டு, கொசுவுக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு கிடப்பார். ராத்திரி முழுக்க ஓட்டியவர். பத்து மணிக்குப் பந்தி முடிந்ததும் நாம் போய்க் கண்ணாடியைத் தட்டுவோம். “கிளம்பலாமா டிரைவர்?” வருகிற தை மாதம் எங்கள் அக்கா மகளுக்கு அங்கேதான் கல்யாணம். வேன் முதல் நாள் சாயங்காலமே வர வேண்டும், மதியத்துக்கு மேல் திரும்பினால் போதும் என்று பேசிவிட்டோம். மண்டபத்தில் ரூம் பிரித்தபோது டிரைவருக்கு ஃபேன் போட்ட ஒரு ரூம் கேட்டேன். மேனேஜர் “டிரைவருக்கா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதினார். மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். அவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது, ஆனால் அவர்கள் வேனும் முதல் நாளே வருகிறது.

கடைசியாக உங்களிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் இரண்டு விஷயம்.

விபத்துச் செய்தி எழுதும்போது உங்கள் நிருபர்கள் சேர்த்து விசாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். டிரைவர் கடைசியாக எப்போது தூங்கினார்? எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், அந்த நேரத்தைச் சொன்னது யார்? கண்ணாடி போடுகிறவரா, போட்டிருந்தாரா? தினமும் படிக்கிறவர்கள் அடுத்த பயணத்துக்கு வேன் பேசும்போது இந்தக் கேள்விகள் ஞாபகத்துக்கு வரும்.

சாலைப் பாதுகாப்புக்கென்று டிரைவர்களுக்குக் கண் முகாம் நடத்துகிறார்கள். காலை பத்து மணிக்கு, ஏதாவது ஒரு மண்டபத்தில். அந்த நேரத்தில் டிரைவர் டிரிப்பில் இருப்பார். முகாமைச் சாயங்காலம் ஏழு மணிக்கு மஞ்சக்குப்பம் வேன் ஸ்டாண்டிலும் பஸ் நிலையத்திலும் வையுங்கள். பலகையை இருட்டில் படிக்கச் சொல்லுங்கள், ஒரு ஹெட்லைட்டைக் கண்ணுக்கு எதிரே காட்டி அணைத்துவிட்டு மறுபடி படிக்கச் சொல்லுங்கள். கண்ணில் குறை தெரிந்தால் லைசென்ஸ் போய்விடுமோ என்று பயந்துதான் பாதிப்பேர் வருவதில்லை. கண்ணாடி போட்டாலோ புரை எடுத்தாலோ ஓட்டலாம் என்று முகாம் நோட்டீஸிலேயே பெரிதாகப் போடுங்கள். ட்ரையல் செட்டோடு நானும் வருகிறேன். ஸ்டாண்டில் ஒரு மேஜையும் பிளக் பாயிண்டும் மட்டும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு கண்ணாடிக் கடைக்காரி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.